காய்ச்சல் வராதவள்

வாகன நிறுத்தக் குழுவின் கூட்டம் எதிர்பாராமல் சீக்கிரம் முடிந்துவிட்டதால், அன்று அக்கா தேநீரை உட்கார்ந்து குடித்தாள். வாரத்தில் ஒருநாள் அந்தக் கொடுப்பினை வாய்த்தால் அதிகம். மற்ற நாட்களில் ஒரு கையில் கோப்பையும் இன்னொரு கையில் கோப்புமாக ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பாள். மையத்துக்கென்று வாங்கிய ஆறு கோப்பைகளில் நான்கு இப்போது எந்தெந்தக் கூட்ட அறைகளில் கிடக்கின்றன என்று அவளுக்கே தெரியாது.

மையம் என்று சொன்னால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். விளையாட்டுத் துறையின் சாமான் அறையாக இருந்ததைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஒரு மேசையும் இரண்டு அலமாரியும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மழைநாளில் சுவரிலிருந்து பழைய பந்துகளின் ரப்பர் வாசனை இன்னும் கிளம்பும். வாசலில் 'பூர்வகுடி மாணவர் மற்றும் ஊழியர் ஆதரவு மையம்' என்று பலகை. பெயர் நீளம், பலகை குட்டை. எழுதியவர் கடைசிச் சொல்லுக்கு வரும்போது இடம் போதாமல் எழுத்துக்களை நெருக்கியடித்து உட்கார வைத்திருந்தார். அக்காவும் மலைக்குடிதான். மாணவர்கள் அக்கா என்று கூப்பிடத் தொடங்கி, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த நூலகர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் கோபப்படுவதையும் விட்டுவிட்டாள்.

ஓட்டத்துக்குக் காரணம் ஓர் ஆணை. பல வருடங்களுக்கு முன் மேலிடத்திலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு குழுவிலும் பூர்வகுடியைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். அவர் வந்து கையெழுத்துப் போடாத கூட்டம் செல்லாது. நல்ல எண்ணத்தில் போட்ட ஆணைதான். போட்டவர்கள், அப்படிப்பட்ட ஊழியர்கள் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். இரண்டே பேர் இருந்தார்கள். அக்காவும், தாவரவியலில் ஒரு விரிவுரையாளரும். அவருக்கு எட்டுக் குழு, இவளுக்கு ஒன்பது. நான்கு வருடமாக ஆராய்ச்சியில் ஏன் முன்னேற்றமில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு குழு அவருக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் குழுவிலும் அவர் உறுப்பினர். தனக்கே அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுமாதம் வேலையை விட்டுப் போனார். அவருடைய எட்டும் அக்காவின் தலையில் விழுந்தன. மரம் வெட்ட அனுமதி தருவது முதல் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுப்பது வரை, அவள் இல்லாமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது. அவள் வாயைத் திறந்தாலும் எதுவும் அசையாது என்பது வேறு கதை. அவளுடைய சொந்த ஆய்வேடு மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோய் ஆறு வருடமாகிறது.

கோப்பையில் பாதி மீதி இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. வந்தவள் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. வயது இருபத்தாறு. ஆறு வருடம் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு, ஐந்து வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். விடுதியில் அவளுக்குக் கறார் என்று பெயர். தோழிக்காக வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட மாட்டாள், தனக்காகப் போடவும் விட மாட்டாள். அதனால் வந்த பெயர்.

"அக்கா, நோட்டீஸ் வந்திருக்கு. இன்னைக்கு மூணே காலுக்கு வருகைக் குழுவாம். நான் வர வேண்டாமாம், முடிவை மட்டும் சொல்லுவாங்களாம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போகல."

"போன வெள்ளிக்கிழமையே சொன்னேனே! முதல் வருஷத்துப் பிள்ளைங்க நாலு பேரும் போய் வாங்கிட்டு வந்தாச்சு. அதுங்களுக்கு அடுத்த வாரம் வரைக்கும் டைம் இருக்கு. உனக்கு இன்னைக்கு அஞ்சு மணியோட ஹால் டிக்கெட் முடியுது. நீ என்னன்னா சாவகாசமா வந்து நிக்கிற."

"எனக்குக் காய்ச்சல் வரலையே அக்கா."

"யாருக்குத்தான் வந்துச்சு?"

விஷயம் இதுதான். மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு வருடமும் முறைவைத்துச் சில மலைக்குடியிருப்புகளுக்கு நில அளவைக்காரர்கள் வருவார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்கள் அவரவர் துண்டு நிலத்தில் நேரில் நிற்க வேண்டும். நின்றால் பெயர் இருக்கும், நிற்காவிட்டால் அடித்துவிடுவார்கள். எந்த நாள் எந்தக் குடியிருப்புக்கு வருவோம் என்று சொல்வது அவர்கள் வழக்கமில்லை. அதனால் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் எல்லாம் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஊரில் காத்துக்கிடந்து, நின்று, பெயரைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். இங்கே வருகைப் பதிவு சரிந்திருக்கும். விடுப்பு விதியில் உடல்நலக் குறைவு உண்டு, நெருங்கிய உறவில் மரணம் உண்டு, விளையாட்டுப் போட்டி உண்டு. நிலத்தில் நிற்பது இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அதைச் சேர்க்கச் சொல்லி அக்கா ஒரு விரிவான கடிதம் எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பரிசீலனை முடிவதற்குள் அந்த வருடத்துப் பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும்போல இருந்ததால், பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடம் போய் நின்றாள். இரக்கமுள்ள மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "காய்ச்சல்னு எழுதிடலாமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஆறு வருடம், முப்பத்தேழு பிள்ளைகள், முப்பத்தேழு காய்ச்சல். பெரும்பாலோர் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள், மிச்சப் பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

கறார், பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஓரம் கசங்கிய மஞ்சள் தாள். நில எண், தேதி, அளவைக்காரர் கையெழுத்து, முத்திரை.

"பத்தொன்பது நாள் இருந்தேன். எங்க பகுதியில இருக்கிற பெரியவங்களுக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் குடுத்தது நான்தான். நெஜச் சீட்டு கையில இருக்கும்போது பொய்ச் சீட்டை எதுக்குக் குடுக்கணும்?"

"இதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் கிழிக்க முடியாது. விதியில இல்ல."

"சேர்க்கச் சொல்லுங்க."

"சொல்லி ஆறு வருஷமாச்சு."

"வருஷா வருஷம் நாம காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டே இருந்தா, அவங்க எதுக்கு அக்கா சேர்ப்பாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. வாய் ரொம்ப நீளம் இவளுக்கு என்று நினைத்தாள். ஒரு வருடம் போனால் இவளுடைய மகளுக்கு ஆறு வயது, இரண்டு வருடம் போனால் ஏழு. உதவித்தொகை ஒரு தடவை நின்றுபோனால் மறுபடி கிடைக்காது, திரும்பத் துணிக்கடைதான். அதையெல்லாம் கொட்டித் தீர்க்கலாம் என்று வாயெடுத்தவள் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்காமலா புள்ளியியல் படிக்கிறவள் வந்து நிற்பாள்?

"டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் வீட்லதான் இருப்பார். மனசு மாறினா போ. நான் ஒரு போன் போட்டா போதும்" என்றாள்.

"நான் ஹால் டிக்கெட் கவுன்ட்டர் கிட்ட நிக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கறார் போனாள்.

இரண்டு மணிக்கு ஒரு புதுக் குழு. கடிதத்தில் தலைப்பைச் சரியாகப் படிக்காமலே போய் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டாவதா என்று அலுத்துக்கொண்டதுதான் நினைவிருந்தது. சுகாதாரப் பிரிவின் தலைமை மருத்துவர் விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். 'பூர்வகுடி மாணவர்களிடையே பருவகாலக் காய்ச்சல்: ஆறாண்டுப் புள்ளிவிவரம்'. வருடம் முழுக்கத் தரையோடு கிடந்த நீலக் கம்பங்கள் மழை ஓய்கிற மாதத்தில் மட்டும் கிடுகிடுவென்று எழுந்து நின்றன. ஆறு வருடமும் அதே மாதம். மற்ற மாணவர்களுக்கு அப்படி இல்லை.

"எங்களுக்கு இது ரொம்ப நாளா புரியாத புதிரா இருக்கு" என்றார் அந்த அம்மாள். பொய்யில்லாத கவலை அவர் குரலில் இருந்தது. "தண்ணியா, கொசுவா, பரம்பரையா, ஒண்ணும் தெரியல. ஆனா ஏதோ ஒண்ணு இருக்கு."

அக்கா இருட்டில் அந்தக் கம்பங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கம்பத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளால் பெயர் சொல்ல முடியும். மூன்றாவது கம்பத்தில் எட்டுப் பேர். அந்த வருடம்தான் அளவைக்காரர்கள் இருபத்தைந்து நாள் இழுத்தடித்தார்கள். தான் பார்த்துப் பார்த்துச் செய்த நல்ல காரியம் இப்படிக் கம்பம் கம்பமாக எழுந்து நிற்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. முதலில் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினாள். அடுத்துப் பேசியவர் சேர்க்கைப் பிரிவிலிருந்து வந்தவர். அவரும் கெட்டவரில்லை.

"இந்தப் பிள்ளைங்களோட நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆய்வகம், களப்பணின்னு கஷ்டமான படிப்பு எல்லாம் இதுங்க உடம்பு தாங்குமான்னு பார்க்கணும். சேர்க்கைக்கு முன்னாடி இவங்களுக்கு மட்டும் ஒரு மெடிக்கல் செக்கப் வெச்சுட்டா, தாங்காதவங்களை லேசான படிப்புக்குத் திருப்பி விட்டுடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அறிக்கை தயாரிக்க ஒரு மாதம் என்று முடிவானது. அக்கா மட்டும் ஆட்டவில்லை. எழுந்து, 'அந்தக் காய்ச்சல் எல்லாம் பொய், வரவழைத்தவள் நான்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் முப்பத்தேழு பேரின் படிப்பும் பட்டமும் என்னவாகும்? ஒருத்தி தாதியாக இருக்கிறாள், இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவன் எங்கோ பாலம் கட்டிக்கொண்டிருக்கிறான். ஓய்வு பெற்ற டாக்டரை இழுத்துவந்து நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால் அடுத்த வருடம் வருகிற பிள்ளைகளின் உடம்பைத் தட்டிப் பார்த்து உள்ளே விடுவார்கள். விளக்கைப் போட்டார்கள். வருகைத்தாள் சுற்றி வந்தது. பழக்கதோஷத்தில் அவள் கை தானாகவே கையெழுத்துப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான், தன் சாட்சியோடு இந்த விஷயம் நகரத் தொடங்கியிருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

அங்கிருந்து வருகைக் குழு நடக்கும் அறைக்கு நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி ஏற வேண்டும். வழக்கம்போலத் தாமதம். அவள் எப்போதும் தாமதமாகத்தான் வருவாள் என்பதால், குறிப்பெழுதுகிற குமாஸ்தா மற்றவர்களிடம் முதலிலும் அவளிடம் கடைசியிலும் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக வைத்திருந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற மனிதர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். விதிப்புத்தகத்தில் எது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டால் சொல்லுவார்.

தலைமையில் புலத் தலைவர். அக்காவின் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான், அடுத்த மாதம் போட வேண்டும். மேசையைச் சுற்றி இன்னும் நான்கு பேர். ஆறு கோப்புகள் இருந்தன. ஐந்து காய்ச்சல், வயிற்றுவலி, மரணம் என்று மளமளவென்று தீர்ந்தன. கறாரின் கோப்பு கடைசி.

அக்கா மஞ்சள் சீட்டை முன்னால் நகர்த்தி, நின்றால்தான் பெயர் நிலைக்கும் என்பதையும், தேதி சொல்ல மாட்டார்கள் என்பதையும் விளக்கினாள். புலத் தலைவர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் புரியுது. ஆனா விதியில இதுக்கு இடமில்லையே. அறுபத்தெட்டு சதவீதம் வெச்சிருக்கா. நான் என்ன செய்ய?"

"விதியில சேர்க்கச் சொல்லி ஆறு வருஷம் முன்னாடி எழுதியிருக்கேன் சார்."

"அது தனி விஷயம். அதை அப்புறம் பார்க்கலாம்." கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லுங்க. உங்க பசங்களுக்கு இந்த சீசன்ல காய்ச்சல் வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? பத்து நிமிஷம் காத்திருக்கோம்."

மேசையைச் சுற்றி மெல்லிய புன்னகை ஒன்று போய் வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். இவர்களுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரிந்திருக்கிறது. அவள் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த கதவை, இந்தப் பக்கமிருந்து இவர்களும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். விதியை மாற்ற வேண்டிய தொல்லை யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. கீழே ஒருத்தி, எனக்குக் காய்ச்சல் வரவில்லை என்று வரிசையில் நிற்கிறாள். அக்காவுக்கு அப்படியொரு அவமானம் வந்தது. காது மடல் வரைக்கும் சுட்டது.

"அவளுக்குக் காய்ச்சல் இல்ல சார்" என்றாள்.

"அப்படின்னா அனுமதி மறுப்புன்னு எழுதிக்குங்க" என்று புலத் தலைவர் குமாஸ்தாவிடம் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

குமாஸ்தா எழுதி முடித்து, வருகைத்தாளை அக்காவின் பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார். ஐந்து கையெழுத்துகள் இருந்தன. ஆறாவது கட்டம் காலி.

பதினேழு குழுக்களில் காலத்தை ஓட்டியதில் அக்காவுக்கு ஒரே ஒரு லாபம்: விதிகள் எல்லாம் மனப்பாடம். தேர்வு விதிகளைத் திருத்திய குழுவிலும் அவள்தான் ஒப்புக்கு உட்கார்ந்திருந்தாள். கெடு முடிவதற்குள் வருகைக் குழு முடிவெடுக்காவிட்டால் மாணவரைத் தற்காலிகமாகத் தேர்வு எழுத அனுமதிக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மற்ற ஐந்து பேரும் அதுவரை தற்காலிகமாக எழுதிவிடலாம். இப்போது மணி நாலு இருபது. அவள் பேனாவை எடுத்தாள். ஆறு வருடத்தில் எத்தனை தாள்களில் எத்தனை கையெழுத்து! பேசியது ஒன்றும் குறிப்பில் ஏறவில்லை, போட்ட கையெழுத்துகள் மட்டும் ஏறியிருக்கின்றன. பேனாவை மூடி, தாளின்மேல் வைத்தாள்.

"நான் இந்தக் கூட்டத்துக்கு வரல சார்."

புலத் தலைவருக்கு விளங்கவில்லை. "வந்து உக்காந்திருக்கீங்களே?"

"கையெழுத்துப் போடலையே."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார். புலத் தலைவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விதிப்புத்தகத்தைத் திறக்காமலே, "விதிப்படி பார்த்தா கூட்டம் நடக்கல சார்" என்றார். எழுதிய பக்கத்தின் குறுக்கே அளவுகோல் வைத்து நிதானமாக ஒரு கோடு போட்டார்.

"யோசிச்சுத்தான் செய்றீங்களா?" என்று புலத் தலைவர் கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள விரும்பியதுபோலத்தான் கேட்டார். அதுதான் அக்காவுக்கு அதிகம் பயமாக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மஞ்சள் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண், மேலே போன் செய்து கேட்டு, "முடிவு இல்லையாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஹால் டிக்கெட்டில் 'தற்காலிகம்' என்று முத்திரை குத்திக் கொடுத்தாள். அப்போது மணி ஐந்து. கறார் அதை வாங்கி, பெயர், பதிவெண், பாடங்கள் எல்லாவற்றையும் வரிவரியாகச் சரிபார்த்தாள். எந்த அவசரத்திலும் அதைச் செய்யாமல் விட மாட்டாள்.

"தற்காலிகம்னா?"

"பரீட்சை எழுதலாம். ரிசல்ட் வர்றதுக்குள்ள திரும்பக் கூட்டம் போடுவாங்க. திரும்பச் சண்டை போடணும்."

"நீங்க என்ன சொன்னீங்க மேல?"

"ஒண்ணும் சொல்லல. கூட்டமே நடக்கல" என்றாள் அக்கா. பிறகு அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நீலக் கம்பங்கள், உடம்பைத் தட்டிப் பார்க்கிற யோசனை, மேசையைச் சுற்றிப் போன அந்தப் புன்னகை. கறார் குறுக்கே பேசாமல் கேட்டாள். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஒன்றுக்காகவே அக்காவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வீட்டில் புருஷன் மின்விசிறி ஒன்றைப் பிரித்துத் தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். அவர் எலெக்ட்ரீஷியன். ஊர் விசிறியெல்லாம் சுற்றும், அவர்கள் வீட்டு விசிறி மட்டும் மூன்று வாரமாகத் தரையில் கிடக்கிறது. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஒரு திருகாணியைத் தேடினார்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"பதினேழு குழுவும் சேர்ந்து போகுமில்ல?"

"பதினெட்டு."

"அப்ப நஷ்டம் ஒண்ணும் இல்ல" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் அவர் திருகாணி தேடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான். அவள் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மையத்துக்குப் போய்விட்டாள். கதவைத் தள்ளியபோது கீழே ஏதோ தடுத்தது. குனிந்து பார்த்தால், கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடப்பட்ட தாள்கள். எடுத்துக்கொண்டுபோய் மேசையில் பிரித்தாள். டாக்டரின் சாய்ந்த கையெழுத்து. போன வெள்ளிக்கிழமை அவளே ஏற்பாடு செய்து வாங்கிக் கொடுத்த காய்ச்சல் சான்றிதழ்கள். ஒவ்வொன்றோடும் ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது. முதலாவதைத் திருப்பினாள். பின்பக்கத்தில், 'எனக்குக் காய்ச்சல் வரவில்லை. பதினான்கு நாள் எங்கள் நிலத்துக்காகக் காத்திருந்து நின்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. இரண்டாவதில் பதினேழு நாள். மூன்றாவது இரண்டே வரி, அதிலும் அடித்தல் திருத்தல். எழுதியவளுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

கறார் இரவு விடுதியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். யாரைக் கேட்டு இதைச் செய்தார்கள் என்று அக்காவுக்குக் கோபம் வந்தது. ஒன்றுமறியாப் பிள்ளைகள், முதல் வருடம், இதை எடுத்துக்கொண்டு மேலே போனால் என்ன நடக்கும் என்று தெரியுமா? இந்த வருடத்துக் காய்ச்சல் பொய் என்றால் போன வருடத்தினர், அதற்கு முந்தின வருடத்தினர் எல்லோரையும் தோண்டுவார்கள். டாக்டரைக் கூப்பிடுவார்கள். முதலில் அவளைக் கூப்பிடுவார்கள். பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவில், என்ன செய்தும் அடக்க முடியாமல், பெருமையாகவும் இருந்தது. மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துத் திரும்ப எண்ணினாள். மூன்றுதான். நான்காவது பிள்ளையாவது பிழைக்கத் தெரிந்தவன் என்று ஒரு நிம்மதி. அவன் சான்றிதழ் மட்டும் வழக்கம்போலப் போகும், அவன் மட்டும் தப்பித்துக்கொள்வான். இந்த மூன்றையும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னால் இன்னமும் விஷயத்தை அமுக்கிவிடலாம்.

மேசைத் தொலைபேசி அடித்தது. புலத் தலைவரின் அறை எண். அவள் கையை நீட்டுவதற்குள் அடித்து ஓய்ந்தது.

அந்த அமைதியில் கதவுப் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. கதவின் அடியில் ஒரு தாளின் முனை உள்ளே எட்டிப் பார்த்தது. பாதி வந்து, தரையோடு ஒட்டிய ரப்பர் பட்டையில் மாட்டிக்கொண்டு மேற்கொண்டு வர மறுத்தது. வெளியே இருந்தவன் ஒருமுறை தள்ளினான், பின்னால் இழுத்தான், மறுபடி தள்ளினான். தாள் மடங்கியது. அவள் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. இடுக்கில் அவனுடைய செருப்புகளின் நிழல் தெரிந்தது. போகலாமா நிற்கலாமா என்பதுபோல இடமும் வலமுமாக மாறிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போய்ச் சத்தமில்லாமல் கதவருகே தரையில் உட்கார்ந்தாள். தாளின் முனையை இரண்டு விரலால் பிடித்து, கிழிந்துவிடாதபடி, இந்தப் பக்கமாக மெல்ல இழுத்தாள். வெளியே இருந்த நிழல் அசையாமல் நின்றது.